மலேசியா, 2024: புதுக் காடியா (காரா), செகண்ட் ஹேண்டா? சுங்கை சிப்புட் டு ஈப்போ தினம் ஓடணும், கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க

லயத்துப்பையன்:
வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே. நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கேன், வேல ஈப்போல ஒரு ஃபேக்டரி, போக வர 60 கிலோமீட்டர், இத்தன வருஷம் மோட்டார் பைக்லயே ஓட்டிட்டேன். இப்ப அப்பாவுக்கு கிட்னி போயி டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு, வாரத்துக்கு மூணு தடவ, ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், அதுவும் ஈப்போலதான். மெஷின்ல இருந்து எறங்குனா மனுஷனுக்கு கை கால் நடுங்குது, அவர மோட்டார் பின்னால ஒக்கார வெச்சு கூட்டியார முடியாது, மழ வேற. பக்கத்து வீட்டுக்காரர் காடில ரெண்டு மாசமா போறோம், எத்தன நாளைக்கு அவர் மொகத்த பாக்கறது.

சம்பளம் 2,400, இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி போக கைக்கு 2,100 சொச்சம், ஓடி (ஓவர்டைம்) அடிச்சா கொஞ்சம் கூட வரும். சேத்து வெச்சது 6,000 வெள்ளி (ரிங்கிட்). மூணு வழி இருக்கு.

ஒன்னு, நம்ம ஊர் பெரோடுவா கம்பெனியோட புது பெஸா 1.0 ஆட்டோ, 36,500 சொச்சம், ஒம்போது வருஷம் லோன். ரெண்டாவது, அதே கம்பெனி செகண்ட் ஹேண்ட் 2016 மைவி 1.3, கடக்காரர் 22,000 சொல்றார், மீட்டர் 98,000ன்னு காட்டுது, ஏழு வருஷம் லோன் எடுத்து தரேங்கறார். மூணாவது, சித்தப்பா கூட்டாளி ஒருத்தர் 2014 ஹோண்டா சிட்டி, மாசம் 550, இன்னும் நாலு வருஷம் பாக்கி, முன்பணம் ஒன்னும் வேணாம் சாம்புங் பாயார் பண்ணிக்க, அதாவது என் பேர்ல இருக்கற லோன நீ தொடர்ந்து கட்டிக்கன்னு சொல்றார்.

மாசக்கட்டு எவ்ளோன்னு எல்லாரும் சொல்லிடுறாங்க. பத்து வருஷத்துல மொத்தமா எவ்ளோ போகும்னுதான் எனக்கு தெரியணும்.

கான்சில்850:
தம்பி, ஒரே பதில்தான், லோன் எடுக்காத. நான் பழைய சின்ன காடி, கான்சில் 850 ஒன்னு 4,500 வெள்ளிக்கு கேஷா வாங்குனேன், ஆறு வருஷம் ஆச்சு, ரோட் டேக்ஸ் வருஷத்துக்கு 20 வெள்ளி, இன்சூரன்ஸ் தர்ட் பார்ட்டி மட்டும் நூத்தி சொச்சம், ரிப்பேருக்கு வருஷம் ஆயிரம் ஆயிரத்து இருநூறு போகும், அவ்ளோதான். பாங்குக்காரன் என் வீட்டு வாசலுக்கு வந்ததில்ல. உன் கைல 6,000 இருக்கு, ஒரு வீவா பழசு பாரு, 2010 போல.

கிராணிமகள்:
கான்சில் அண்ணே சொல்றது அவருக்கு சரி, டவுனுக்குள்ளயே ஓடுறார். தம்பி மாசம் எவ்ளோ ஓடுவார்னு மொதல்ல பாப்போம். வேலைக்கு 22 நாள், அதோட டயாலிசிஸ் மாசம் 13 தடவ, சில நாள் ரெண்டும் ஒரே பயணத்துல முடிஞ்சிரும், இருந்தாலும் 2,000 கிலோமீட்டர் வந்துரும். வருஷத்துக்கு 24,000. இது சாதாரண ஓட்டம் இல்ல, இந்த நம்பர வெச்சுதான் மத்ததெல்லாம் பாக்கணும்.

நான் கணக்குப் பிரிவுல வேல, லோன் கணக்கு தெனம் பாக்குறவ, அதனால இத கொஞ்சம் நீட்டி எழுதுறேன், பொறுமையா படிங்க.

இந்த 2024ல காடி லோன்ல 3 பர்சண்ட்னு சொன்னா அது ஃப்ளாட் ரேட். நீ கட்ட கட்ட அசல் கொறைஞ்சாலும் வட்டி மொதல்ல வாங்குன முழு தொகைக்கே போடுவாங்க. பெஸாவுக்கு 10 பர்சண்ட் டெபாசிட் போக 33,000 லோன்னு வெச்சுக்க. 3 பர்சண்ட், 9 வருஷம், வட்டி 8,910. மொத்தம் 41,910, மாசம் 388. வீட்டு லோன் மாதிரி கொறையுற அசலுக்கு வட்டி பாத்தா இது நெஜத்துல 5.5 பர்சண்ட். அதே 33,000 ஏழு வருஷம்னா வட்டி 6,930, மாசம் 475. ரெண்டு வருஷம் கூட இழுக்கறதுக்கு வெல 1,980 வெள்ளி.

இப்ப மைவி. 22,000ல 4,000 நீ போட்டா 18,000 லோன். செகண்ட் ஹேண்டுக்கு வட்டி கூட, 4.5 வெச்சுக்குவோம், ஏழு வருஷத்துக்கு 5,670. மொத்தம் 23,670, மாசம் 282. கொறையுற அசலுக்கு பாத்தா எட்டு பர்சண்டுக்கு மேல வருது. அதாவது பழைய பொருளுக்கு எடுக்கற கடனுக்குத்தான் வட்டி கூட. அதோட லோன் முடியறப்ப அந்த காடிக்கு வயசு 15.

மாசத்துக்கு 106 வெள்ளிதான் வித்தியாசம் தம்பி. அந்த 106 வெள்ளிக்கு நீ என்ன வாங்குற என்ன விக்கிறேங்கறதுதான் கேள்வி.

இன்னொன்னு, பாதில முழுசா கட்டி முடிச்சா வட்டி மிச்சம்னு நெறைய பேர் நம்பிட்டு இருக்காங்க. 2024ல வட்டிய பிரிக்கறது ரூல் ஆஃப் 78ங்கற முறைப்படி, அதாவது ஆரம்ப மாசங்கள்ல வட்டி கூட, போகப் போக கொறச்சல். மொத மாசம் நீ கட்டுற 388ல 163 வெள்ளி வட்டி, கடைசி மாசம் வெறும் ஒன்னரை வெள்ளி. அஞ்சு வருஷம் கட்டிட்டு பாக்கி 48 மாசத்த ஒரேடியா அடைக்கலாம்னு போனா தள்ளுபடி சுமாரா 1,780தான் கெடைக்கும், இன்னும் 16,800 கிட்ட கையில இருந்து எடுக்கணும். அதனால எத்தன வருஷம்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிரு.

லோரிஅண்ணே:
கிராணி மக சொன்னது கரெக்ட். நான் என் வீட்டுக் கதைய சொல்றேன். 2018ல நான் புது மைவி 46,000க்கு எடுத்தேன், அதே வருஷம் என் தம்பி 2011 மைவி 24,000க்கு எடுத்தான். இந்த வருஷம் ரெண்டு பேரும் வெல விசாரிச்சோம், என்னுது 31,000க்கு கேட்டாங்க, அவனுது 13,000. அப்ப எனக்கு எறங்குனது 15,000, அவனுக்கு 11,000. ஆனா தம்பி ஆறு வருஷத்துல சர்வீஸ் டயர் பேட்டரி இல்லாம ரிப்பேருக்கு மட்டும் 7,000 கிட்ட போட்டான், ஏர்கோண் கம்ப்ரசர், ரேடியேட்டர், ஸ்டீரிங் ரேக்னு. எனக்கு அந்த செலவு கெடையாது, ஆனா லோன் வட்டி அவன விட நாலாயிரம் கூட. கூட்டி கழிச்சா எனக்கு 19,000, அவனுக்கு 18,000. ஆறு வருஷத்துல ஆயிரம் வெள்ளிதான் வித்தியாசம்.

வெளிநாட்டுக்காரன் வீடியோல எல்லாம் மூணு வருஷ பழசு வாங்கு பாதி வெலன்னு சொல்வான், அது நம்ம ஊர் பெரோடுவாவுக்கு செல்லாது. மைவி அக்ஸியா எல்லாம் பழசே அவ்ளோ வெல போகுது, எல்லாருக்கும் அதான் வேணும், ஸ்பேர் பார்ட் எந்த கம்போங் (கிராமத்து) கடைலயும் கெடைக்கும், அதனால வெல எறங்க மாட்டேங்குது. பழசுல வெல நல்லா எறங்கி இருக்கறது பெரிய காடிதான், அத வாங்குனா 2,000 சிசிக்கு ரோட் டேக்ஸே 379 கட்டணும், பெஸா 1.0க்கு 20, மைவி 1.3க்கு 70. பார்ட்ஸ் வெல அதுக்கு மேல.

லயத்துப்பையன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. அந்த 163 வெள்ளி கணக்க அப்பாட்ட காட்டுனேன், ரெண்டு தடவ கேட்டுட்டு பேசாம இருந்தார். சாம்புங் பாயார் பத்தி யாரும் ஒன்னும் சொல்லலியே? சிட்டி நல்லா பெரிய காடி, அப்பா பின்னால கால நீட்டி ஒக்காரலாம், டெபாசிட்டும் இல்ல, அதான் மனசு அங்கயே போகுது.

டவுன்பஸ்கார்டு:
வேணாம். தயவு செஞ்சு வேணாம். நான் அனுபவிச்சவன். 2019ல சாம்புங் பாயார் எடுத்தேன், காடி பேர் அவர் பேர்ல, லோன் அவர் பேர்ல, நான் மாசாமாசம் அவர் அக்கவுண்டுல காசு போட்டேன், அவர் பாங்குக்கு கட்டல. மூணாவது மாசம் ஈப்போ பார்க்கிங்ல வெச்சு காடிய இழுத்துட்டு போயிட்டாங்க. உள்ள என் மகளோட ஸ்கூல் பேக் இருந்துச்சு. போலீசுக்கு போனா, பாங்குக்கு தெரியாம கை மாத்துனதே சட்டப்படி தப்பு, நீங்க என்னன்னு கம்ப்ளேன் பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. 1967ம் வருஷ ஹயர் பர்ச்சேஸ் சட்டப்படி ரெண்டு மாசம் தொடர்ந்து கட்டலன்னா பாங்க் 21 நாள் நோட்டீஸ் குடுத்து இழுக்கலாம், அந்த நோட்டீஸ் போறது பழைய ஓனர் வீட்டுக்கு, உனக்கு தெரியவே தெரியாது. முக்கா பங்கு பணம் கட்டியிருந்தா கோர்ட் ஆர்டர் இல்லாம இழுக்க முடியாதுன்னு ஒரு பாதுகாப்பு இருக்கு, அதுவும் ஓனருக்குத்தான், நமக்கில்ல.

அதோட நாலு வருஷத்துக்கு 550ன்னா 26,400 வெள்ளி. பத்து வயசு சிட்டிக்கு அவ்ளோ குடுத்து, கடைசில அவர் பேர் மாத்தி தரணும்னு அவர் தயவுல நிக்கணும். அப்பாவ டயாலிசிஸ்ல விட்டுட்டு வெளிய வந்தா காடி இல்லன்னா என்ன பண்ணுவ? அத நெனச்சு பாரு.

ஸ்பேனர்:
நான் போமன் (மெக்கானிக்), பேராக்ல சின்னதா ஒரு வர்க்‌ஷாப் இருபது வருஷமா. கொஞ்சம் லேட்டா வந்தேன், மன்னிச்சுக்கங்க.

அந்த சிட்டி வேணாம்னு ஆயிருச்சு, நல்லது. ஆனா அந்த வருஷத்து ஹோண்டா யார் வெச்சிருந்தாலும் கோளாறான தகாத்தா ஏர்பேக்க கம்பெனியே கூப்ட்டு மாத்தற ரீகால்ல மாத்தியாச்சான்னு சேசிஸ் நம்பர் குடுத்து செக் பண்ணுங்க, மாத்தறது ஓசிதான். பழசு வாங்கினவங்க நெறைய பேருக்கு அந்த லெட்டர் போய் சேர்றதில்ல, பழைய ஓனர் வீட்டுக்கு போயிருது.

இப்ப மைவி. எஞ்சின் நல்ல எஞ்சின், டைமிங் செயின், பெல்ட் மாத்தற செலவு இல்ல. 4 ஸ்பீடு கியர்பாக்ஸ், ஏடிஎஃப் (கியர் ஆயில்) ஒழுங்கா மாத்துனா ரொம்ப தூரம் போகும். எட்டு வருஷ காடில ரொஸாக் ஆகறது (கெட்டுப் போறது) எஞ்சின் இல்ல, ரப்பரும் பிளாஸ்டிக்கும். நம்ம தோட்டத்து ரோடு தெரியும்ல, செம்மண்ணு, குழி, செம்பனை லோரி ஓடி ஓடி ரெண்டு பக்கமும் பள்ளம். லோவர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், அப்சர்பர், எஞ்சின் மௌண்டிங் எல்லாம் டவுன் காடிய விட சீக்கிரம் போயிரும். ரேடியேட்டர் மேல இருக்கற பிளாஸ்டிக் டேங்க் சூட்டுல நொறுங்கி கோடு விடும், மொதல்ல துளி துளியாத்தான் ஒழுகும், ஆளுங்க கூலண்ட் ஊத்தாம பைப் தண்ணி ஊத்தி ஓட்டுவாங்க, உள்ள துரு பிடிச்சு தண்ணி டீ கலர்ல வரும், ஒரு நாள் ஹைவேல சூடு ஏறி ஹெட் வளைஞ்சு கேஸ்கட் போயிரும். எழுபது வெள்ளி ஹோஸ்லயோ இருநூறு வெள்ளி ரேடியேட்டர்லயோ முடிய வேண்டியது ஆயிரத்து ஐநூறுல வந்து நிக்கும். என் கடைக்கு வர்ற பழைய காடில பாதி இந்த கதைதான், மனசு கஷ்டமா இருக்கும், ஏன்னா வர்றவங்க எல்லாம் தெனக்கூலி ஆளுங்க.

தம்பி, நீ பாக்கப் போனா காலைல போ, எஞ்சின் ஆறி இருக்கறப்ப. வர்றதுக்கு முன்னால ஸ்டார்ட் பண்ணி வெக்க வேணாம்னு சொல்லிரு. ரேடியேட்டர் மூடிய தொறந்து தண்ணி கலர் பாரு. சீட் பெல்ட்ட முழுசா வெளிய இழு, அடில சேறு காய்ஞ்ச கோடு இருந்தா வெள்ளத்துல முங்குன காடி, 2021 டிசம்பர் ஷா ஆலம் வெள்ளத்துல முங்குனது எத்தனையோ இருக்கு. பானெட் ஸ்க்ரூல பெயிண்ட் உரிஞ்சிருந்தா யாரோ கழட்டியிருக்காங்க. அப்புறம் அந்த 98,000ன்ற மீட்டர், எட்டு வருஷ காடிக்கு அது இருக்கலாம், பொட்டோங் பண்ணதாவும் (மீட்டர கொறச்சதாவும்) இருக்கலாம், பெடல் ரப்பரும் ஸ்டீரிங்கும் எவ்ளோ தேஞ்சிருக்குன்னு பாரு, சர்வீஸ் ஸ்டிக்கர் எங்கயாவது ஒட்டியிருக்கான்னு தேடு. புஸ்பாகோம் பாஸ் ஆச்சுன்னு சொன்னா அது சேசிஸ் நம்பரும் ரோட்டுல ஓட தகுதியும் பாக்கற எடம், ரேடியேட்டர் எத்தன நாள் தாங்கும்னு அவங்க சொல்ல மாட்டாங்க.

கிராணி தங்கச்சி சொன்ன 24,000 கணக்குதான் எனக்கும் பெரிசா படுது. 98,000 நெஜமாவே இருந்தாலும் ஏழு வருஷத்துல 1,68,000 கூடி 2,66,000ல வந்து நிக்கும். அது வரைக்கும் லோன் வேற கட்டணும். பழைய காடி வாங்கலாம், நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா பழைய காடி வாங்குறவன் மாசம் 150 வெள்ளி தனியா எடுத்து வெக்கணும், அது செலவாகாத மாசமும் தொடக் கூடாது. அந்த 150ஐ 282ல கூட்டு, 432. புது பெஸாவ தாண்டிருச்சு. பெஸாவுக்கு வாரண்டி 5 வருஷம் இல்லன்னா 1,50,000 கிலோமீட்டர், நீ ஓட்டுற ஓட்டத்துக்கு அஞ்சு வருஷத்துல 1,20,000தான் வரும், முழு அஞ்சு வருஷமும் உனக்கு கெடைக்கும். சர்வீஸ் மட்டும் அவங்க சென்டர்ல செய்யணும், மொத 1,000 கிலோமீட்டர், அப்புறம் 10,000 இல்லன்னா ஆறு மாசம். என் கடைக்கு வரலியேன்னு நான் கோவிக்க மாட்டேன்.

மேனுவல்பிரியன்:
எல்லாரும் ஒன்ன மறந்துட்டீங்க, அக்ஸியா ஈ. போன வருஷம், 2023ல வந்தது, 22,000 வெள்ளி, புதுசு, பழைய பாடி, மேனுவல் மட்டும். அந்த பழைய மைவி வெலைதான். 19,800 லோன் 3 பர்சண்ட் ஏழு வருஷம் போட்டு பாத்தேன், மாசம் 285.

கிராணிமகள்:
அட ஆமா, மூணு வெள்ளி வித்தியாசத்துல எட்டு வயசு காடியும் புதுக் காடியும். இத நான் மொதல்லயே போட்டிருக்கணும். வெறும் செலவு கணக்கு மட்டும்னா இதுதான் ஜெயிக்குது, பேச்சே இல்ல.

லயத்துப்பையன்:
எனக்கு டி லைசன்ஸ் இருக்கு, மேனுவல் ஓட்டுவேன். ஆனா தங்கச்சி எடுத்தது டிஏ, ஆட்டோ மட்டும்தான் ஓட்ட முடியும். எனக்கு நைட் ஷிஃப்ட் வர்ற வாரம் அவதான் அப்பாவ கூட்டிட்டு போகணும். அதனால மேனுவல் ஆகாது அண்ணே, மன்னிக்கணும். சனிக்கிழமை மைவிய பாக்கப் போறேன், ஸ்பேனர் அண்ணே சொன்னத எல்லாம் எழுதி எடுத்துட்டு போறேன்.

கான்சில்850:
புது காடிக்கு இன்சூரன்ஸ் எவ்ளோன்னு யாரும் சொல்லல. வெறும் மாசக்கட்டு மட்டும் பேசுறீங்க.

கிராணிமகள்:
நியாயமான கேள்வி அண்ணே. லோன் இருந்தா முழு கவரேஜ் எடுத்தே ஆகணும். தம்பிக்கு இது மொத காடி, என்சிடி (கிளைம் பண்ணாததுக்கு கெடைக்கற தள்ளுபடி) பூஜ்யம், மோட்டார்ல இருக்கற என்சிடிய காடிக்கு மாத்த முடியாது, அப்பாவுதும் அவருக்கு வராது. 36,000 காடிக்கு மொத வருஷம் 1,200 வெள்ளிக்கு மேல வரும், மைவிக்கு 800 போல. ஆனா கிளைம் பண்ணாம ஓட்டுனா என்சிடி ஏறும், 25, 30, 38.33, 45, அஞ்சாவது வருஷம் 55 பர்சண்ட். காடி மதிப்பும் கொறையும். அதனால இந்த வித்தியாசம் வருஷா வருஷம் சுருங்கிட்டே வரும்.

யாரும் பேசாத ஒன்னு பெட்டர்மெண்ட். காடிக்கு அஞ்சு வயசு ஆயிருச்சுன்னா, ஆக்சிடெண்ட் கிளைம்ல புது பார்ட் போட்டா அந்த வெலைல ஒரு பங்கு நாம கட்டணும். அஞ்சு வருஷத்துக்கு 15 பர்சண்ட், அப்புறம் வருஷத்துக்கு அஞ்சு அஞ்சா ஏறி, எட்டு வருஷ காடிக்கு 30, பத்து வருஷமும் அதுக்கு மேலயும் 40. அந்த மைவிய யாராவது இடிச்சு 6,000 வெள்ளிக்கு புது பார்ட்ஸ் போட்டா 1,800 தம்பி பாக்கெட்ல இருந்து. முழு இன்சூரன்ஸ் கட்டியும் எதுக்கு காசு கேக்கறாங்கன்னு எங்க மாமா கவுண்டர்ல நின்னு வாதாடுனது இன்னும் கண்ணுல இருக்கு, அவருக்கு யாரும் முன்னாலயே சொல்லல.

கான்சில்850:
சரி, அது எனக்கும் தெரியாது. ஆனா ஒன்னு சொல்றேன், வேல போச்சுன்னா பெஸாவ பாங்க் இழுத்துரும், என் கான்சில யாரும் இழுக்க முடியாது. கோவிட் வந்தப்ப நான் நிம்மதியா தூங்குனேன். அத கணக்குல எந்த கட்டத்துல போடுவீங்க?

லோரிஅண்ணே:
அத மறுக்கல அண்ணே. கேஷ் இருக்கறவனுக்கு உங்க வழிதான் பெஸ்ட். ஆனா கான்சில்ல ஏர்பேக் இல்ல, அப்பாவ ஏத்திக்கிட்டு செம்பனை லோரிங்க நடுவுல வாரம் மூணு நாள் ஈப்போ போகணும் தம்பி. எனக்கு லோரி மேல ஒக்காந்து கீழ பாக்கறப்ப சின்ன காடி எவ்ளோ சின்னதுன்னு தெரியும். கேஷும் இல்ல, லோனும் வேணாம்னா வழி இல்ல. லோன்தான்னு ஆயிட்டா பழசுக்கு எடுக்கறத விட புதுசுக்கு எடுக்கறது மேல்னுதான் நான் சொல்றேன்.

லயத்துப்பையன்:
போயிட்டு வந்தேன். காலைல எட்டரைக்கே போனேன், ஆனா எஞ்சின் சூடாத்தான் இருந்துச்சு, நான் சொல்லியும் ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தாங்க. ரேடியேட்டர் ரிசர்வ் டேங்க் தண்ணி டீ கலர். சீட் பெல்ட் சுத்தமா இருந்துச்சு, வெள்ளத்துல முங்கல. ஆனா டிரைவர் கதவ தொறந்து உள் பக்கம் தேடுனா, பாதி கிழிஞ்ச ஒரு ஆயில் ஸ்டிக்கர், அடுத்த சர்வீஸ் 1,55,000ன்னு எழுதியிருக்கு. மீட்டர் 98,000. கடக்காரர்ட்ட கேட்டேன், அது வேற காடி ஸ்டிக்கர், தப்பா ஒட்டிட்டாங்கன்னார். அதுக்கு மேல பிராசஸிங் ஃபீஸ்னு 1,500 தனியாம், அது என்னத்துக்குன்னு கேட்டா பதில் இல்ல. வந்துட்டேன்.

வீட்ல ஒக்காந்து பேசுனோம். தங்கச்சி கிளினிக்ல வேல, மாசம் 100 வெள்ளி நான் போடுறேன்னா. பெஸா ஏழு வருஷத்துக்கே கேட்டிருக்கோம், 475ல என் பங்கு 375, ஒம்போது வருஷ கட்ட விட கொறச்சல், வட்டி 1,980 மிச்சம். பெட்ரோல் ரோன்95 இந்த 2024ல 2.05 வெள்ளி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னு வெச்சா மாசம் 273 வருது, மோட்டார்ல இதுல பாதி கூட ஆகாது, அதான் கொஞ்சம் பயமா இருக்கு, ஓடி விடாம அடிக்கணும். டெபாசிட்டும் இன்சூரன்சும் போக கைல ஆயிரத்து நூறு போல மிச்சம் இருக்கும், அத தொட மாட்டேன். பாங்க்ல ஸ்லிப் காஜி (சம்பள ஸ்லிப்) மூணு மாசத்துது கேட்டாங்க, குடுத்தாச்சு.

கிராணிமகள்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. கையெழுத்து போடற அன்னிக்கு ஃபார்ம்ல 84 மாசம்னு இருக்கான்னு நீயே எண்ணி பாரு, சேல்ஸ்மேன் மாசக்கட்டு கம்மியா காட்டணும்னு 108 போட்டுருவாங்க சில பேர். தங்கச்சி பேர இன்சூரன்ஸ்ல டிரைவரா சேத்துரு.

லயத்துப்பையன்:
அப்ரூவ் ஆயிருச்சு. 84தான், எண்ணி பாத்தேன். அடுத்த மாசம் காடி வருதாம். எல்லாருக்கும் நன்றி, டவுன்பஸ்கார்டு அண்ணே உங்களுக்கு தனியா.

ஸ்பேனர்:
வந்ததும் மொத ஞாயித்துக்கிழம கடைக்கு கூட்டிட்டு வா, நான் கை வெக்க மாட்டேன், வாரண்டி கெடக்கூடாது. டயர் காத்து எவ்ளோ வெக்கணும், கூலண்ட் லெவல் எங்க பாக்கணும்னு உனக்கும் தங்கச்சிக்கும் காட்டி விடுறேன். அப்பாவையும் கூட்டிட்டு வா.